நம் லயத்துப் பெயர் யாருக்குச் சொந்தம்

மகனே,

உன் மின்னஞ்சல் வந்து ஒன்பது நாளாகிறது. இன்னும் பதில் வரவில்லை என்று அம்மாவிடம் தொலைபேசியில் குறைப்பட்டாயாம். "ஒங்கப்பா ஒரு வரி எழுத ஒரு மாசம் யோசிப்பாரு. அதுக்குள்ள ஒனக்குக் கல்யாணமே முடிஞ்சிரும்" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதானே அவ்வளவு சத்தமாகச் சொன்னாள். நீ கேட்டது பார்வைக்குச் சின்ன விஷயம். நீ அனுப்பிய படிவத்தில் நான் சம்மதம் என்று தட்டினால், நம் கடையிலிருந்து பத்து வருஷமாக நான் நடத்திவரும், நீ டொமைன் என்கிற அந்த இணையப் பெயர் உன் பெயருக்கு மாறிவிடும். நீ இருக்கும் நாட்டில் ஒரு கம்பெனிக்கு அந்தப் பெயர் வேண்டுமாம். "அது உங்கள் சொத்து அப்பா, கொடுத்துவிட்டு அந்தத் தலையிடியிலிருந்து வெளியே வாருங்கள்" என்று எழுதியிருந்தாய். அக்கறையோடுதான் எழுதினாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கண்டியில் ஓர் அலுவலகத்தில், வேறு சிலர் என்னிடம் இதையே கேட்கப்போகிறார்கள். அந்தப் பெயர் உன் சொத்தா, இல்லையா? ஆம் என்றால் ஒரு தாளில் கையெழுத்து, இல்லை என்றால் இன்னொரு தாளில். இரண்டையும் எனக்குக் காட்டிவிட்டார்கள். இரண்டிலும் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

அதனால் முதலில் உனக்கு எழுதுகிறேன். இதை அந்தப் பெயரின் முதல் பக்கத்திலேயே எல்லாரும் படிக்கிற மாதிரிப் போடவும் போகிறேன். அப்பன் மகனுக்கு எழுதுவதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று கோபப்படாதே. அந்தப் பெயரின் கீழே இருக்கும் நாற்பது சொச்சம் வீட்டாருக்கும் இதில் பங்கு இருக்கிறது. அவர்களில் ஒருவரிடம் நான் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கவும் வேண்டியிருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "கேள்வி கேக்கிறவங்களுக்குத் தெரியாதது இதுல என்னங்க இருக்கு, எழுதுங்க" என்றார்.

நீ பிறந்தது கட்டுகஸ்தோட்டையில், கதவிலக்கம் போட்ட வீட்டில். தபால்காரர் சைக்கிள் மணியை அடித்துவிட்டு உன் பெயரைச் சொல்லிக் கடிதம் நீட்டுவது உனக்குச் சாதாரணம். நான் பிறந்தது வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். மூன்று தலைமுறையாக இருந்தாலும் அந்தக் காம்பரா எங்களுடையது இல்லை. அதற்கென்று முகவரியும் இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். பெரிய கிளாக்கர் பிரித்து வைப்பார். அவருக்கு நேரம் இருந்தால் அன்றைக்கே கிடைக்கும், இல்லையென்றால் சம்பள நாளில் கிடைக்கும். சில கடிதம் கிடைக்கவே கிடைக்காது. உன் தாத்தா பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு மூன்று வருஷம் காத்திருந்தார். விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அது ஆபீஸ் அலுமாரியில் ஏதோ ஒரு கணக்குக் கொப்பிக்கு அடியில் கிடந்து, போக வேண்டிய தேதி கழிந்து பதினாறாம் நாள் தாத்தா கைக்கு வந்தது.

தாத்தா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஆபீஸ் வாசலில் நின்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "எங்க காயிதத்த ஏங்கய்யா குடுக்கல?" என்று கேட்டார். அந்தக் கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், தீபாவளிக்குத் தாத்தாவுக்கு வேட்டி கொடுத்தவர். அவர் தலையை நிமிர்த்தாமல், "காயிதம் ஒபிசுக்கு வந்தது. உன்ர காம்பராவுக்கோ வந்தது?" என்றார். அவ்வளவுதான். உன் தாத்தா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மனிதராகவே செத்தார். அந்தக் கிளாக்கரை நான் நாற்பது வருஷம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

படித்து, டவுனுக்கு வந்து, உன் அம்மாவைக் கட்டி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட பாரூக் நானாவின் கட்டிடத்தில் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்து முதலில் தட்டச்சு வகுப்பு நடத்தினேன். அப்போதுதான் என் வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கென்று ஒரு கதவிலக்கம் வந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் அதே இலக்கத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் ஒரு தாள் இருந்தது. தாளைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான், பிறகு கையைக் காட்டுவான். நீ இரண்டு வயதுக் குழந்தை. பாரூக் நானா எங்கள் மூன்று பேரையும் பின்பக்கமாகத் தன் வீட்டுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் போய் நின்று சிங்களத்தில் சத்தம் போட்டார். தட்டச்சு இயந்திரங்கள் எரிந்தன, நாங்கள் பிழைத்தோம். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் கடிதம் வராது, பேர் இருந்தால் நெருப்பு வரும். இரண்டையும் பார்த்த ஒருவன் பிறகு என்ன செய்திருக்க வேண்டும்? புத்தி இருந்தால் எந்தப் பட்டியலிலும் தன் பேரைக் கொடுத்திருக்க மாட்டான்.

ஆனால் நான் கொடுத்தேன். அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நம் வகுப்பு, காசு கொடுத்துப் பேசுகிற கொம்யூனிகேஷன் கடை ஆகி, தொலைபேசிக்கும் பெக்ஸ் இயந்திரத்துக்கும் பக்கத்தில் இணையமும் வந்த புதிது. தோட்டத்துச் சனங்களுக்கு இணையத்திலாவது சொந்தமாக ஒரு முகவரி வேண்டும், அது எந்த ஆபீஸ் வழியாகவும் போகக்கூடாது என்று எனக்குள் ஒரு வெறி. ஒரு பெயரை நாம் பதிந்துகொண்டால் அதன் கீழே எத்தனை பெயர் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நீதான் படித்துச் சொன்னாய். ஒரே கூரை, கீழே காம்பராக்கள். அதனால்தான் அதற்கு நாம் லயம் என்று பேர் சொல்லிப் பழகினோம். படிவத்தை நீ நிரப்பினாய். சொந்தக்காரர் பெயர் என்று கேட்டது. சங்கம், கோயில், பள்ளிக்கூடம் என்று எதையாவது போடலாமா என்று பார்த்தோம், பதிவுப் பத்திரம் வைத்திருந்த சங்கம் ஒன்றும் அகப்படவில்லை. என் பெயரைப் போட்டோம். அடுத்தது முகவரி. "இது ஒலகத்துல யாரு தேடினாலும் தெரியும்ப்பா. பொய்யா ஒன்னு போட்டுருவோம், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றாய். நான் கேட்கவில்லை. கதவிலக்கம், வீதி, ஊர், தொலைபேசி எல்லாவற்றையும் ஓரெழுத்து விடாமல் சொல்லிச் சொல்லி உன்னை அடிக்க வைத்தேன். முகவரி இல்லாமல் வளர்ந்தவன்தான் அந்த இடத்தில் பொய் எழுத மறுப்பான். அன்று நான் அவ்வளவு பெருமைப்பட்டேன்.

நீ வெளிநாடு போன பிறகு லயம் வளர்ந்தது. பள்ளிக்கூடங்கள், இரண்டு கோயில், ஒரு பள்ளிவாசல் வாலிபர் சங்கம், மாதா கோயில், பிறகு குடும்பங்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் இங்கிருக்கும் சித்தப்பாமாரைத் தேடி எழுதினார்கள். நான் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. இன்ன பெயருக்கு வரும் கடிதம் இன்ன இடத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு சின்னப் பட்டியல். அதில் ஒரு வரி சேர்த்தால் ஒருவருக்கு முகவரி பிறக்கும், அழித்தால் செத்துவிடும். அந்தப் பட்டியலைத் திறக்கும் கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருந்தது. யாரும் அதைப்பற்றிக் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

போன வருஷம் மழை மாதத்தில் இரண்டு பொலிஸ்காரர் சாதாரண உடையில் கடைக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தாள், குடித்தார்கள். பிறகு ஒருவர் மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் விரித்தார். நீயும் நானும் நிரப்பிய அதே விபரம். என் பெயர், என் கதவிலக்கம். மறுபடியும் ஒருவன் கையில் ஒரு தாள், அதில் என் கதவிலக்கம். நம் லயத்தில் ஓர் இளைஞர் மன்றத்தின் பக்கத்தில் யாரோ ஏற்றியிருந்த யுத்தப் படம் ஒன்றுதான் அவர்களை அழைத்து வந்திருந்தது. "மே நம ஒயாகேத?" என்றார். இந்தப் பெயர் உங்களுடையதா? நான் உண்மையைச் சொன்னேன். இல்லை சேர், இது எல்லாருக்கும் பொது, பதிவு மட்டும்தான் என் பேரில் இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். நல்லது, அந்த எல்லாரும் யார் யார் என்று இதில் எழுதுங்கள் என்று ஒரு வெற்றுத் தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார்.

மகனே, அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பொது என்று சொன்னால் நாற்பது வீட்டாரின் பெயரையும் முகவரியையும் என் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். எண்பத்து மூன்றில் என் வாசலுக்கு வந்த தாளை யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று பல நாள் நினைத்தவன் நான். என்னைப்போல ஒரு கடைக்காரன், என்னைப்போல ஒரு வெற்றுத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். பேனையைத் தொடாமல், "மகே சேர்" என்றேன். என்னுடையது. எல்லாம் என்னுடையதுதான், வேறு யாருமில்லை என்றேன். அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டார். அப்படித்தான் நான் அதற்குச் சொந்தக்காரன் ஆனேன்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயால் சொன்ன பொய் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எழும்பும்போது அவர்கள் ஒன்று கேட்டிருந்தார்கள். இந்த அந்தோனி யார், அவருக்கு வடக்கிலிருந்து அடிக்கடி கடிதம் வருகிறதே? அந்தோனி மாஸ்டரை உனக்குத் தெரியும். வத்தேகம பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர், உனக்குக் கணக்கில் உதவி செய்தவர். அவருடைய மகள் ஸ்டெல்லா வன்னியில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனவள், யுத்தத்தில் பாதை மூடியதில் அங்கேயே அகப்பட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஒரு நிவாரண அலுவலகத்தின் கணினியிலிருந்து கிழமைக்கு ஒருமுறை அப்பாவுக்கு எழுதுவாள். சுகம், மழை பெய்தது, பிள்ளைகளுக்குக் கொப்பி இல்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருந்ததில்லை. நான் இதைச் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டு போனார்கள்.

அன்று பின்னேரம் நான் பட்டியலைத் திறந்து மாஸ்டரின் வரியை அழித்தேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அவருடைய நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நாள் போகட்டும், அமளி அடங்கட்டும், திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவரிடம் சொன்னால் வருத்தப்படுவார் என்று சொல்லவும் இல்லை. உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். பயந்தவனுக்கு அதிகாரமும் கையில் இருந்தால் அவன் செய்வதை நீதி என்றே நினைத்துக்கொள்வான், இதை நான் என்னை வைத்தே சொல்கிறேன். பதினோராம் நாள் மாஸ்டர் கடைக்கு வந்தார். அவருக்கு ஒருவர் அனுப்பிய கடிதம் முகவரி இல்லை என்று திரும்பிப் போனதாம்.

"என்னங்க, என் காம்பராவக் காணோமே?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் காரணம் சொல்லியிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் யார் என்று தெரியாத பயத்தில் நான் தலையை நிமிர்த்தாமல், "பேரு என்னோடதுங்க மாஸ்டர். என் பேர்லதான் இருக்கு. வைக்கிறதும் எடுக்கிறதும் என் இஷ்டம்" என்றேன். சொல்லி முடித்ததும் அந்தத் தோட்டத்து ஆபீசும் அலுமாரியும் தாத்தாவின் தலைப்பாகையும் என் கண் முன்னால் வந்தன. மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு வத்தேகம பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றைக்கே நான் வரியைத் திரும்பப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வன்னியிலிருந்து வெளியே வந்த கன்னியாஸ்திரி ஒருவர் மாஸ்டரைத் தேடி வந்தார். ஸ்டெல்லா அப்பாவுக்கு இரண்டு தரம் எழுதியிருக்கிறாள். மடத்துச் சகோதரிகளோடு இத்தனையாம் தேதி வருகிறோம், யாராவது பொறுப்பெடுத்தால்தான் ஆமிக்காரர் விடுவார்களாம், பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கு வந்து நில்லுங்கள் அப்பா என்று. இரண்டும் அவளிடமே திரும்பிவிட்டன. முகவரி இல்லை என்று வந்ததும் அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, இல்லையென்றால் தன்னால் தொல்லை வருகிறது என்று முகவரியை மூடிவிட்டார் என்று நினைத்தாளாம். வந்து நிற்க ஆளில்லாமல் வருவதைவிடப் பிள்ளைகளோடு இருக்கிறேன், அடுத்த தரம் வருகிறேன் என்று நின்றுவிட்டாள். அடுத்த தரம் என்று ஒன்று வரவில்லை. நிவாரண அலுவலகங்களையெல்லாம் அந்த நாட்களிலேயே அங்கிருந்து வெளியேற்றிவிட்டார்கள், மாஸ்டர் எழுதியதும் அவள் கைக்குப் போகவில்லை. அவளிடமிருந்து பிறகு ஒரு சொல்லும் இல்லை. இதைத்தான் நான் செய்தேன். அந்தக் கிளாக்கருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம், அவர் கடிதத்தை மறந்துபோனார், நான் தெரிந்தே செய்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சட்டத்தரணி ஒருவர் உனக்குச் சொன்னாராம், இப்படிப்பட்ட பெயர்களை விற்கலாம், வாங்கலாம், உயில் எழுதி வைக்கலாம், ஆகவே அது சொத்துத்தான் என்று. சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் வருஷா வருஷம் புதுப்பிக்காவிட்டால் போய்விடுகிற ஒன்று என்ன மாதிரிச் சொத்து? நம் லயத்தின் பெயரும் மேலே வேறொருவர் வைத்திருக்கிற பட்டியலில் ஒரு வரிதான். அவர் அழித்தால் நாம் இல்லை. அவர் பெயரும் அதற்கு மேலே இன்னொரு பட்டியலில் ஒரு வரி. கடைசியில் உலகத்துப் பெயர்களுக்கெல்லாம் தலைப்பட்டியல் ஒன்று இருக்கிறதாம், மிகவும் சின்னது, அதையும் சில மனிதர்கள்தான் கவனித்துக்கொள்கிறார்களாம். அவர்களுக்கும் ஒரு நாள் யாராவது தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெற்றுத் தாளை நீட்டினால் என்ன செய்வார்களோ. இதைப் பாரூக் நானாவிடம் சொன்னேன். "வாப்பாட காலத்துல இருந்து பாலத்துக்கிட்ட கடை வெச்சிருக்கம். அதுக்காகப் பாலம் எங்கட எண்டு சொல்ல ஏலுமா? ஆனா பாலம் ஒடஞ்சா மொதல்ல எங்களத்தான் கேப்பாங்க" என்றார். அதற்கு மேல் அவரும் யோசிக்கவில்லை, சீனி வாங்க ஆள் வந்துவிட்டது.

இப்போது என் நிலைமையைப் பார். அந்தப் பொலிஸ்காரர் போன மாதம் திரும்ப வந்து இரண்டு தாளைக் காட்டினார்கள். சொத்து என்று சொல்லும் தாளில், இதன் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு, என் சுயவிருப்பத்தில் இதை மூடிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறது. சொத்து இல்லை என்று சொல்லும் தாளில், இதை யார் எடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, இதைப் பாவிக்கிறவர்கள் பின்வருமாறு என்று போட்டு, கீழே வெற்று வரிகள் விட்டிருக்கிறார்கள். மூடினால் ஸ்டெல்லாவுக்குத் தெரிந்த ஒரே முகவரி செத்துவிடும். எழுதிக் கொடுத்தால் நாற்பது வீட்டு வாசலிலும் ஆள் நிற்கும். உன் கம்பெனிக்கு விற்றால் அவர்கள் முதலில் செய்வது காம்பராக்களைக் காலி பண்ணுவதுதான். ஓடிப்போகலாம் என்றால், சொல்லாமல் கண்டியை விட்டுப் போகக்கூடாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். உன் கல்யாணத்துக்கு நான் வர முடியாததன் காரணமும் அதுதான். விசா கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். பாலத்தடியில் காவல் நிற்கும் சென்றிக்காரருக்கு அடையாள அட்டையைக் காட்டி அந்தப் பக்கம் போய் மரக்கறி வாங்கி வருவேன், அதோடு என் உலகம் முடிகிறது. "பேசாம எழுதிக் குடுத்துட்டு வந்து படுங்க" என்று அம்மா போன கிழமை வரை சொன்னாள். இந்தக் கிழமை சொல்லவில்லை. திங்கட்கிழமைக்கு என்று இரண்டு சட்டையைத் தேய்த்து மினுக்கி வைத்திருக்கிறாள். ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை.

உனக்குக் கல்யாணம் நடக்கப்போகும் நேரத்தில் அப்பன் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீ கட்டப்போகிற பிள்ளையிடம் எதையும் உன் நன்மைக்குத்தான் செய்தேன் என்று பிறகு சொல்லாதே, முதலில் கேள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். நான் உன் அம்மாவிடம் மாஸ்டரின் வரியைப் பற்றி ஐந்து மாதம் சொல்லவில்லை. சொன்ன அன்று அவள் நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அந்த வேலையை நான்தான் செய்திருக்க வேண்டும்.

நேற்று நான் மாஸ்டரைக் கடைக்குள் உட்கார வைத்து, இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதி அவரிடம் நீட்டினேன். இனி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வாங்கவில்லை. "வேணாங்க. இது என் கையில இருந்தா நானும் பயந்து யாரோடதையாவது அழிப்பேன். என் காம்பராவ மட்டும் தொறந்தே வைங்க, போதும்" என்றார். பிறகு கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கன்னியாஸ்திரி வந்து போன நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் வத்தேகம பஸ்ஸில் வருவார், சரியாக நாலு மணி. முகவரி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வேறொரு கணக்கிலிருந்து தன் முகவரிக்குத் தானே ஒரு வரி அனுப்புவார். அது வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். "வந்துருச்சுங்க" என்பார். எழும்பிப் போவார். ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அவர் போனதும் நீ அனுப்பிய படிவத்தைத் திறந்து சம்மதம் என்று தட்டிவிட்டேன். இதை நீ வாசிக்கும்போது நம் லயத்துப் பெயர் உன் பெயரில் இருக்கும், கடவுச்சொல்லும் தனியாக வந்து சேர்ந்திருக்கும். திங்கட்கிழமை இரண்டு தாளையும் திருப்பிக் கொடுத்து, என் கையில் இப்போது ஒன்றும் இல்லை என்று உண்மையைச் சொல்வேன். அதற்கு அவர்கள் என்ன செய்வார்களோ செய்யட்டும். சட்டப்படி நீ இனி அதை விற்கலாம், யாரும் உன்னைக் கேட்க முடியாது. கல்யாணப் பரிசு என்று சொல்லி உன்னையும் நான் இருக்கிற கூண்டுக்குள் இழுத்து விட்டிருக்கிறேன், அது எனக்குத் தெரியும், அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். முகவரி கேட்கிற இடத்தில் பொய்யாக ஒன்றைப் போடு. அன்றைக்கே நீ சரியாகத்தான் சொன்னாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இங்கே நாலு மணி என்றால் உனக்கு விடியற்காலம். நான் கடையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மா திறந்து வைப்பாள், மாஸ்டர் வருவார். தினமும் அந்த நேரத்துக்கு அவர் முகவரிக்கு நீ ஒரு வரி அனுப்பு. சுகமா என்று கேள், அங்கே பனி பெய்கிறது என்று எழுது, எதுவானாலும் சரி. வந்துருச்சுங்க என்று அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் பதில் எழுதவில்லையே என்று குறை நினைக்காதே. அவர் பார்த்துக்கொண்டிருப்பது உன் கடிதத்தை இல்லை.

அப்பா